எத்தனை நாள் நிற்கும்

வாசல்படியில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அவள் கேட்டாள்.

"மொதலாளி, வீட்டில கேமரா உண்டா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. நோயாளியைப் பார்க்க வந்த ஹோம் நர்ஸ், நோயாளி எந்த அறையில் என்று கேட்க வேண்டும். சம்பளத்தைக் கேட்டால்கூட நியாயம். கேமரா உண்டா என்று கேட்டால் என்ன அர்த்தம்? கை சுத்தமில்லாதவள், அதுதான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"இல்ல. எதுக்கு பிள்ளே கேக்குதே?"

"வையுங்க. இல்லெங்கில் நான் நிக்கல்ல."

ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் குடை. நெய்யாற்றின்கரை பஸ்ஸில் வந்து இறங்கி, கேட்டிலிருந்து மேடேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. கேமரா வைப்பேன் என்று என் வாயால் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

அவள் பேரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு மறதி கிடையாது. நாலாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெள்ளறடை பஸ் ஸ்டாப்பில் நானும் என் மனைவியும் ஒரு சாயாக்கடையில் தொடங்கினோம். இன்று ஹாலோ பிரிக்ஸ் கம்பெனி இருக்கிறது, மூன்று டிப்பர் இருக்கிறது, ரப்பர் தோட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இரண்டு மாடி வீடு இருக்கிறது. எந்த லோடு எந்த நாள் எந்த சைட்டுக்குப் போனது என்று ஒரு துண்டுக் காகிதத்திலும் நான் எழுதி வைத்ததில்லை. எல்லாம் தலைக்குள். படித்த எஞ்சினியர்கள் பைலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பைல் தப்பும், நான் தப்ப மாட்டேன். பேரை எழுதாததற்குக் காரணம் வேறு. எழுத எனக்கு உரிமை இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து அப்போது நாலு மாதம். பேச்சு போய்விட்டது. வலது பக்கம் அசையாது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, அதில்தான் கஞ்சியும் மருந்தும். வாய் வழியாக ஒரு சொட்டு வெள்ளம்கூடக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குத்தான் போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மறுநாளே பாறசாலையிலிருந்து கேமராக்காரரை வரவழைத்தேன். அவர் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மெகா பிக்சல் போரும் மொதலாளி. ஆளு ஆருன்னு அறியலாம். ரிக்கார்டும் ஒரு மாசம் நிக்கும்" என்றார்.

"அதுக்கு மேல என்ன உண்டு?"

"எட்டு உண்டு. ஃபோர் கே. நல்ல கிளியராக்கும். ஆனா எடம் தின்னும். இந்த டிஸ்க்குல போட்டா எட்டு நாளு நிக்கும், அவ்வளவுதான். ஒம்பதாம் நாளு, பழசுக்கு மேல புதுச எழுதத் தொடங்கீரும். பெரிய டிஸ்க்கு போட்டா ஒரு மாசம் கிட்டும். திருவனந்தபுரத்தில சொல்லி வரவைக்கணும்."

"அது பெறகு பாக்கலாம். நீரு எட்ட வையும்."

"கிளவுடு வேணுமா? படம் எல்லாம் வேற எடத்தில பத்திரமா கிடக்கும்."

"எனக்க வீட்டுப் படம் எனக்க வீட்டில கிடந்தா போரும் ஓய். வேற எவனுக்க பெட்டியிலயும் கிடக்கவேண்டாம்."

ஆறு கேமரா வைத்தோம். கேட், கார் நிற்குமிடம், ரப்பர் ஷீட் உலர்த்தும் புரை, பின்முற்றம், ஹால், மனைவியின் அறை. கேட்டில் வைத்தது ரோட்டைத் தாண்டித் தமிழ்நாட்டையும் பிடிக்கும். மச்சினன் வந்தபோது அவன் முகத்தை டி.வி.யில் பெரிதாக்கி, மூக்குக்குள் நரைத்த மயிரை எண்ணிக் காட்டினேன். அவன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வருகிறவனுக்குத் தெளிவைக் காட்டலாம். டிஸ்க்கை யாருக்குக் காட்ட? பெரிய டிஸ்க்கு வாங்கும் காரியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

அவள் தெளிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேமராக்காரர் போன பிறகு வந்து நின்றாள்.

"எத்தன நாளு நிக்கும் மொதலாளி?"

"ஒரு மாசம்" என்றேன்.

பொய்தான். ஆனால் அப்போது அது எனக்குப் பொய்யாகப் படவில்லை. என் வீட்டில் வைத்த சாமான் எட்டே நாள்தான் தாங்கும் என்று ஒரு வேலைக்காரியிடம் எப்படிச் சொல்வது?

"அப்பம் சரி. இருவது நாளு நின்னா போரும்" என்றாள்.

"அதென்ன கணக்கு, இருவது?"

கஞ்சியை வடிகட்டிக்கொண்டே சொன்னாள். முன்பு அவள் நின்ற ஒரு வீட்டில் வயதானவர் ஒருவர் இறந்துபோனார். பிள்ளைகள் அவள் கையைப் பிடித்து அழுதார்கள், புதுப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்தது. பதினேழாம் நாள் மூன்று பேரும் சேர்ந்து, இவள் மருந்து கொடுக்காமல் கொன்றுவிட்டாள் என்று புகார் கொடுத்தார்கள். ஒரு பகல் முழுக்க போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தாள்.

"சண்ட எல்லாம் பதினாறு கழிஞ்சாக்கும் வரும். அதுவர கரஞ்சிட்டு இருப்பாவ. பந்தலு பிரிச்சா, பின்னே ஆரு கொன்னான்னு தேடுவாவ. வெளியாளு ஒருத்தி நான்தானே உள்ளது? எங்கள அனுப்புத ஏஜென்சி ஆபீசில எனக்க பேருல ஒரு புகாரு எழுதியாச்சு. ரெண்டாவது வந்தா பேர வெட்டிருவாவ. பேர வெட்டினா பின்னே ஒரு வீட்டிலயும் ஏத்தமாட்டாவ. எனக்க மோளு நர்சிங் படிச்சிட்டு இருக்கா, கேட்டியளா. அவளுக்கு வேற ஆளு இல்ல."

அன்றிலிருந்து அவள் அந்த கேமராவுக்குத்தான் வேலை செய்தாள் என்று சொன்னாலும் தவறில்லை. மாத்திரை அட்டையை முதலில் அதன் முன் தூக்கிப் பிடிப்பாள். பேரும் தேதியும் தெரிய வேண்டும். பிறகு உள்ளங்கையில் மாத்திரை. பிறகு குழாயில் ஊற்றும் கஞ்சியின் அளவு. "மணி பத்து. அக்காவ இடது பக்கம் திருப்பியாச்சு" என்று ஆளில்லாத மூலையைப் பார்த்துச் சொல்வாள். துணி மாற்றும்போது மட்டும் ஸ்டூலில் ஏறி கேமராவின் மேல் ஒரு தோர்த்துத் துண்டைத் தொங்கவிடுவாள். முடிந்ததும் எடுத்துவிட்டு, கட்டிலில் கிடப்பவளுக்குக் கேடு ஒன்றுமில்லை என்று காட்டுவதுபோல விலகி நிற்பாள்.

"எம்மா, அதுக்கு ஒரு வணக்கமும் போடு" என்று கிண்டல் செய்வேன்.

"களியாக்காதுங்க மொதலாளி. நான் சொன்னா அது வெறும் சொல்லு. அது சொன்னா சாட்சி."

கல்ஃபில் இருக்கும் என் மகன் டியூட்டிக்குப் போவதற்கு முன் போனில் பார்ப்பான். கேமராவிலேயே பேசவும் வழி உண்டு. ஒரு நாள் "அம்மாக்க தலகாணி சரிஞ்சு கிடக்கு" என்று சுவரிலிருந்து குரல் வந்தபோது, இவள் பதறாமல் நிமிர்ந்து, "சரிஞ்சதில்ல தம்பி, தலைய ஒயத்தி வச்சிருக்கேன். கஞ்சி குடுத்தா அரமணி நேரம் அப்படியாக்கும் வைக்கணும். ஒனக்க அப்பாக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாள். என் மனைவியின் கோணிய வாய் இன்னும் கோணியது. சிரிப்பு அது. பக்கவாதம் வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவள் கையில் என் மனைவிக்கு நாலு மாதத்தில் ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. முன்னால் நின்ற இரண்டு பேர் வைத்துவிட்டுப் போன புண்களை ஆற்றியவள் இவள். அதை நெய்யாற்றின்கரையில் இருக்கும் என் மகளே பத்துப் பேரிடம் சொன்னாள்.

ஹோம் நர்ஸ் வந்து நாலு மாதம் ஆன ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்றரை இருக்கும். அவள் விரிப்புகளை அலக்கப் பின்முற்றத்துத் துவைகல்லுக்குப் போயிருந்தாள். நான் எனக்குச் சாயா போட்டு எடுத்துக்கொண்டு மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்தேன். மற்றவர்கள் போட்ட சாயாவை நான் குடிப்பதில்லை. எனக்கு ஆற்றத் தெரிந்ததுபோல இந்தப் பக்கத்தில் எவனுக்கும் தெரியாது. மனைவியின் கண் கிளாசைவிட்டு நகரவில்லை. கடை நடத்திய காலத்தில் அடுப்பு பற்றியதும் முதல் சாயா அவளுக்குத்தான். இரண்டாவதைத்தான் சாமி படத்துக்கு முன் வைப்பேன். எட்டு மாதமாக அந்த நாக்கில் ஒரு ருசியும் படவில்லை.

இடது கையைத் தூக்கி என் மணிக்கட்டைத் தொட்டாள்.

ஸ்பூனில் கொடுத்தேன். ஒன்று, இரண்டு. நன்றாக இறங்குவதுபோல இருந்தது. டாக்டர்மாருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஏழு ஸ்பூன் கொடுத்தேன். அவள் சிரித்தாள். எட்டாவதில் இருமல் வந்தது.

ஈரக் கையோடு ஹோம் நர்ஸ் ஓடி வந்தாள். தலையைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பி, முதுகைத் தட்டினாள். இருமல் கொஞ்சம் அடங்கியது. தலையணையில் கறை. என் கையில் கிளாஸ்.

"அக்காவுக்கு எதாவது குடுத்தியளா?"

"நான் ஒண்ணும் குடுக்கல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு துணியை எடுத்து மனைவியின் வாயைத் துடைத்தாள். அந்தத் துணியை கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். "மணி பதினொண்ணு நாப்பது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "டாக்டருக்கு இப்பளே போன் செய்யணும்" என்றாள்.

"சாதா இருமலாக்கும். போ, துணிய அலக்கு" என்றேன்.

புதன்கிழமை காய்ச்சல். மூச்சில் கரகரவென்று சத்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர், வாய் வழியாக எதையாவது கொடுத்தீர்களா என்று மலையாளத்தில் கேட்டார்: "வாயில் கூடி எந்தெங்கிலும் கொடுத்தோ?"

மகள் உடனே அவளைத்தான் பார்த்தாள்.

"நான் குடுக்கல்ல" என்றாள் அவள்.

"பின்னே ஆரு குடுத்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த மலையாள நோட்டீசைப் படிக்கிறவன்போல நின்றேன். எனக்கு மலையாளம் படிக்க வராது என்பது அவளுக்குத் தெரியும். பிறகு மகளிடம் திரும்பி, "நான் சொன்னா வெறும் சொல்லு மக்கா. கேமராவில பாருங்க" என்றாள்.

அவள் சொல்லியிருக்கலாம். ஒனக்க அப்பாதான் குடுத்தாரு என்று கத்தியிருக்கலாம். யாராவது நம்பியிருப்பார்களா? மாட்டார்கள். அதை அவள் முன்பே ஒரு வீட்டில் படித்திருந்தாள். இன்னொன்றும் உண்டு. அதை நானே சொல்வேன் என்று அவள் நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை என் மனைவி போய்விட்டாள். மகன் வந்து சேர்ந்ததும் சனிக்கிழமை எரித்தோம். அன்று சாயங்காலமே மகன், "அப்பா, அந்த ரெக்கார்ட எடுத்துப் பாக்கணும்" என்றான்.

"பதினாறு கழியட்டும் மக்கா. ரிக்கார்டு ஒரு மாசம் நிக்கும். எரிஞ்ச சாம்பலு ஆறல்ல. தீட்டு கழியாத வீட்டில வழக்கு எடுக்கப்பிடாது."

அவன் தலையாட்டினான். எங்கள் பக்கத்தில் இதை எவனும் மறுக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து, வெள்ளைப் புடவையோடு அவள் வந்தாள். அவள் மிஷன் சபைக்காரி. எங்கள் பதினாறு அவளுக்கு இல்லை. ஆனாலும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"பதினாறு வர நிக்குமா மொதலாளி? இப்பளே எடுத்து வச்சா நல்லதில்லியா?"

"நிக்கும். ஒரு மாசம்னு சொன்னேனே."

"செரி. அக்காவுக்க காரியம் நல்லபடியா முடியட்டு. நான் பொறுத்துக்குதேன்." போகத் திரும்பினவள் நின்றாள். "மொதலாளி ஒரு சொல்லு சொன்னா போரும். அப்பம் கேமராவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"பதினாறு கழியட்டும்" என்றேன்.

திங்கட்கிழமை நடந்தது அடுத்த செவ்வாய் வரை அந்தப் பெட்டியில் இருந்தது. எனக்குத் தெரியும். கேமராக்காரர் சொன்ன ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை. பென் டிரைவைச் சொருகினால் வேண்டியதைத் தனியாக எடுத்து வைக்கலாம் என்று பெட்டி முன்னால் என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். பென் டிரைவ் மேசை இழுப்பில்தான் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது அறைக்கதவைச் சாத்திவிட்டு நான் அதைப் போட்டுப் பார்த்தேன். எட்டு மெகா பிக்சல் என்றால் சும்மாவா. ஸ்பூன் பிடித்த என் கை தெரிந்தது. என் மனைவியின் கீழுதட்டில் ஒரு துளி நின்றது தெரிந்தது. அவள் சிரித்தது தெரிந்தது. கடைசிச் சிரிப்பு அது. எடுத்து வைத்தால் அந்தச் சிரிப்பு எனக்கு என்றைக்கும் கிடைக்கும். கூடவே ஸ்பூன் பிடித்த கையும் இருக்கும். கல்லும் மண்ணும் சுமந்து நான் வளர்த்த பிள்ளைகள் அந்தக் கையைப் பார்ப்பார்கள். அம்மாவைக் கொன்றது அப்பா என்று நினைப்பார்கள்.

இழுப்பைத் திறக்கவில்லை. மூன்று தடவை பார்த்தேன். மறுநாள் போட்டபோது அந்தத் திங்கட்கிழமை இல்லை.

பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தி முடிந்து ஆட்கள் போனார்கள். ஹாலில் நாங்கள் மூன்று பேரும் மச்சினனும் இருந்தோம். அவளை வரச் சொல்லியிருந்தோம். வந்தாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. பரீட்சையில் எல்லாம் எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தாள். கொடுத்த நாற்காலியில் உட்காரவில்லை.

மகன் டி.வி.யில் தேதியைத் தேடினான். பின்னால் போனான், முன்னால் வந்தான்.

"எட்டு நாளுக்கு முன்ன உள்ளது ஒண்ணும் இல்லியே. ஒரு மாசம் நிக்கும்னு சொன்னியளே அப்பா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"மறந்துபோச்சு மக்கா" என்றேன். "எட்டு நாளுன்னு அவன் சொன்னதாக்கும். மறந்துபோச்சு."

எழுபத்தொரு வயதில் அந்த வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன். மகள் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் பக்கம் திரும்பினாள்.

"எட்டு நாளுதான் நிக்கும்னு ஒனக்கு அறியலாம், இல்லியா? அதுனாலதான் ஆஸ்பத்திரியில நின்னு கேமரா, கேமரான்னு வாய்கிழிய சொன்னே?"

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள்:

"மொதலாளிக்கு மறதி கிடையாதே."

"களியாக்குதியா? சாவு வீட்டில நின்னு எனக்க அப்பாவ களியாக்குதியா?" என்று மகள் கத்தினாள்.

அவள் பையை எடுத்தாள். மனைவி கிடந்த அறையின் வாசலில் நின்றாள். கட்டில் காலியாக இருந்தது. பையைத் தரையில் வைத்தாள். மூலையிலிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்து, மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தாள். கையில் ஒன்றுமில்லை. நேரம்கூடச் சொல்லவில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அடுத்த வாரமே மகள் அந்த ஏஜென்சி ஆபீசுக்கு நேரில் போய்ப் புகார் கொடுத்தாள். பேரை வெட்டினார்கள். அவள் மகள் படிப்பை நிறுத்தியதாகக் கேள்விப்பட்டேன். போன வருஷம் திருப்புறம் பக்கம் காரில் போகும்போது பார்த்தேன். ரோட்டோரத்தில் மீன் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் வண்டியை அவளுக்குத் தெரியும். குனிந்து மீனுக்கு வெள்ளம் தெளித்தாள். டிரைவரிடம் நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு பெரிய டிஸ்க்கு வாங்கிப் போட்டேன். இப்போது முழுசாக ஒரு மாசம் நிற்கிறது. அந்த அறையில் பார்க்க ஒன்றுமில்லை. கட்டில் கிடக்கிறது.

அவள் கையைத் தூக்கிக் காட்டியதை மட்டும் அன்றைக்கே எடுத்து வைத்தேன். இழுப்பைத் திறந்து, பென் டிரைவைச் சொருகி, கேமராக்காரர் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றும் தப்பாமல் செய்தேன். இப்போதும் போட்டுப் பார்ப்பேன். நல்ல தெளிவு. அலக்கி அலக்கி வெடித்த விரல் நுனிகள் தெரிகின்றன. உள்ளங்கை ரேகை தெரிகிறது. இதை மகளுக்குக் காட்டினால், "இதில என்ன உண்டு அப்பா, வெறும் கைதானே" என்பாள்.